ஹெரால்டுக்கு எந்த வைப்பர் செட்டப் போடலாம்? தொப்பூர் மழையில ஓட்டி பாத்துட்டு எழுதறேன்

வண்டி 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு. என் தாய்மாமா ஓட்டினது, அவருக்கப்புறம் பாலக்கோட்டுல ஒரு மாங்கா மண்டி ஷெட்டுல பதினோரு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில கெடந்துச்சு, நான் எடுத்துட்டு வந்து மூணு வருஷமா கையில காசு வர்றப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிகிட்டு இருக்கேன். எஞ்சின் அதே 948 சிசி தான். முன்னாடி டிஸ்க் பிரேக், பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோவுக்கு பதிலா ஆல்டர்னேட்டர், முழுசா புது வயரிங், சீட்டு எல்லாம் எனக்கு ஏத்த மாதிரி. இந்த வண்டியில எஞ்சின விட, பெயிண்ட விட என்ன அதிகமா அலைய வெச்சது வைப்பர் தான், அதனால அத பத்தி மட்டும் முழுசா எழுதறேன். தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் பழைய வண்டி கட்டறவங்க நெறைய பேர் இருக்கீங்க, நான் அலைஞ்ச அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

நாம பெயிண்டு கலருக்கு மூணு மாசம் யோசிக்கறோம், வீலுக்கு ஆறு மாசம் தேடறோம், வைப்பர் ஞாபகம் வர்றது எஃப்சிக்கு முந்தின நாள் தான். ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு தடவ போட்டு காட்ட சொல்லுவாங்க, காஞ்ச கண்ணாடி மேல ரெண்டு தடவ கரகரன்னு போயிட்டு வந்தா முடிஞ்சுது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 101வது விதி வைப்பர் பத்தினது தான், கண்ணாடி இருக்கற வண்டிக்கு கையால ஆட்டாம தானா ஓடற, ஒழுங்கா தொடைக்கற வைப்பர் வேணும்னு இருக்கு. அந்த "ஒழுங்கா" ங்கற வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு ஒரு ஐப்பசி மாசம் சாயங்காலம் தொப்பூர் கணவாயில தான் புரிஞ்சுது.

சேலத்துக்கு போயிகிட்டு இருந்தோம், வீட்டுக்காரம்மாவும் பொண்ணும் வண்டியில. தருமபுரி தாண்டினப்ப தூறல், இறக்கம் ஆரம்பிக்கற எடத்துல மழை ஊத்துது, முன்னாடி கன்டெய்னர் லாரி, பின்னாடி ஒரு பஸ்சு ஹாரன் அடிச்சிகிட்டே வர்றான், அந்த நேரம் பாத்து வைப்பர் மெதுவாயி மெதுவாயி கண்ணாடி நடுவுல நின்னுடுச்சு. லாரியோட செவப்பு லைட்டு மட்டும் தண்ணியில கரைஞ்சு தெரியுது, எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரியல. அந்த எறக்கத்துல எத்தன வண்டி பிரேக் புடிக்காம போயி இடிச்சிருக்குன்னு இந்த ஊர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ஜன்னல எறக்கி தலைய வெளிய நீட்டி பாத்துகிட்டே எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன். பொண்ணு பின் சீட்டுல ஒண்ணுமே பேசல, அது தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அடுத்த நாள்ல இருந்து வைப்பர் வேலைய ஆரம்பிச்சேன்.

முதல்ல இருந்த மோட்டார பத்தி சொல்றேன். என் வண்டியில இருந்தது லூகாஸ்ங்கற இங்கிலீஷ் கம்பெனியோட டிஆர்3ஏ மோட்டார், ஒத்த ஸ்பீடு. இந்த காலத்து கார் மாதிரி கம்பி லிங்க் வெச்சு தள்றதில்ல இது, ராக் கேபிள் வகை. மோட்டார் சுத்தும், உள்ள ஒரு வார்ம் கியர் பெரிய பல்சக்கரத்த சுத்த விடும், அந்த சக்கரத்து மேல ஓரமா இருக்கற பின்னு ஒரு கேபிள முன்னும் பின்னும் இழுத்து தள்ளும். கேபிள் மேல சுருளா கம்பி சுத்தியிருக்கும், அது தான் பல்லு மாதிரி வேலை செய்யுது. ஸ்கட்டிலுக்கு (முன் கண்ணாடிக்கு கீழ இருக்கற தகடு) கீழ குழாய்க்குள்ள அது ஓடறப்ப, ரெண்டு எடத்துல வீல்பாக்ஸ்னு சின்ன டப்பா இருக்கும், அதுக்குள்ள இருக்கற குட்டி கியர அந்த கேபிள் அப்படியும் இப்படியும் உருட்டும், கியரோட தண்டு தான் வெளிய வந்து வைப்பர் கைய ஆட்டுது. ரொம்ப நேர்த்தியான ஐடியா இது. மோட்டார எங்க வேணும்னாலும் வெக்கலாம், குழாய வளைச்சு கொண்டு போயிடலாம், எடம் கம்மியா இருக்கற சின்ன வண்டிக்குன்னே செஞ்சது.

நின்னு போன மோட்டார ரீவைண்டிங் கடையில குடுத்தேன். கடை பேர் வேண்டாம். ஒரு வாரம் கழிச்சு 1,800 வாங்கிகிட்டு குடுத்தாங்க, மாட்டினேன், அதே மெதுவு. திரும்ப குடுத்தேன், கார்பன் பிரஷ்ஷ மாத்திட்டு இன்னொரு 600. அப்பவும் அதே. மூணாவது தடவ போகாம நானே உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன். ரெண்டு வியாதி இருந்துச்சு, ரெண்டும் மோட்டார்ல இல்ல.

ஒண்ணு எர்த்து, அதாவது கரன்ட் பேட்டரிக்கு திரும்பற வழி. பாடிய புதுசா பெயிண்டு அடிச்சப்ப மோட்டார் பிராக்கெட் உக்கார்ற எடத்துலயும் பிரைமர், பெயிண்டு, லேக்கர்னு கெட்டியா ஏத்திட்டாங்க, மோட்டாரோட எர்த்து அந்த பாடி வழியா தான் போகணும், போக வழியில்ல, அதனால வயரிங் சுத்தி சுத்தி எங்கயோ கொஞ்சம் கொஞ்சமா கெடைச்ச வழியில ஓடிகிட்டு இருந்துச்சு. மல்டிமீட்டர் வெச்சு மோட்டார் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ்க்கும் நடுவுல வைப்பர் ஓடறப்ப எவ்வளவு வோல்ட் நிக்குதுன்னு பாருங்க, எனக்கு 2 வோல்டுக்கு மேல காட்டுச்சு. 12 வோல்டுல ரெண்டு அங்கயே போயிட்டா மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? தனியா ஒரு எர்த்து ஒயர் இழுத்து சேஸிஸ்ல போல்ட் போட்டதும் பாதி சரியாச்சு.

ரெண்டாவது கிரீஸ். அம்பது வருஷத்து கிரீஸ் குழாய்க்குள்ள மெழுகு மாதிரி உறைஞ்சிருந்துச்சு. இத கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு, வைப்பர் கை ரெண்டையும் கழட்டிடுங்க, மோட்டார்ல இருந்து கேபிள் முனைய விடுவிச்சு, மீன் எடை போடற மாதிரி ஸ்பிரிங் தராசு கொக்கிய மாட்டி இழுங்க. சுமாரா 2.7 கிலோவுக்கு மேல இழுவை கேட்டா குழாயோ வீல்பாக்ஸோ எங்கயோ புடிக்குதுன்னு அர்த்தம். எனக்கு தராசு முள்ளு 6 கிலோ காட்டுச்சு. கேபிள உருவி டீசல்ல ஊற வெச்சு பல் தேய்க்கற பிரஷ்ல தேய்ச்சு, குழாய்க்குள்ள துணி கட்டின கம்பிய நாலு தடவ விட்டு எடுத்தா, கருப்பா பிசின் மாதிரி வந்துச்சு. அப்புறம் லித்தியம் கிரீஸ் மெலிசா தடவி போட்டேன். குழாய வளைக்கறப்ப 9 இஞ்சு ஆரத்துக்கு கம்மியா மடக்காதீங்க, அங்கயும் கேபிள் புடிக்கும்.

இதுக்கப்புறம் பழைய மோட்டார் நல்லாவே ஓடுச்சு. ரீவைண்டிங்க்கு குடுத்த 2,400 ரூபாய் தேவையே இல்லாத செலவு. அதனால மோட்டார மாத்தறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு வேலைய செஞ்சு பாருங்க, பாதி பேருக்கு இதோட முடிஞ்சிடும்னு நான் நம்பறேன்.

ஆனா எனக்கு முடியல. ஒத்த ஸ்பீடு நிமிஷத்துக்கு 45 தடவ தான் வருது, தூறலுக்கும் பேய் மழைக்கும் அதே வேகம். சூளகிரி பக்கம் நெடுஞ்சாலையில 70ல போறப்ப பக்கத்துல ஒரு லாரி தண்ணிய வாரி அடிச்சா, அடுத்த தொடைப்பு வர்றதுக்குள்ள ஒரு மூச்சு நேரம் ஒண்ணும் தெரியல. ரெண்டு ஸ்பீடு வேணும்னு முடிவு பண்ணினேன்.

பட்டறையில எல்லாரும் சொன்னது ஒண்ணே தான், "மாருதி 800 லிங்க்க தூக்கி போட்டுடுங்கணா, ஸ்பேர் எங்க வேணும்னாலும் கெடைக்கும்." தப்பான யோசனை இல்ல அது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில இருக்கற நண்பர் அவரோட பிரீமியர் பத்மினிக்கு அப்படி தான் போட்டிருக்காரு, நான் மழையில அவர் வண்டிய காவேரிப்பட்டணம் வரைக்கும் ஓட்டி பாத்தேன், தொடைப்பு சுத்தமா இருந்துச்சு, ரெண்டு ஸ்பீடு, இன்டர்மிட்டன்ட் (விட்டு விட்டு தொடைக்கறது), எல்லாம் இருக்கு, மோட்டார் போனா அதே நாள் வேற வாங்கி மாட்டிடலாம். ஸ்பேர் விஷயத்துல இத அடிச்சுக்க எதுவும் இல்ல. நானும் ஒரு செட்டு பழசு 1,500க்கு வாங்கிட்டேன்.

பிரச்சினை அளவுல இருக்கு. ரெண்டு வைப்பர் தண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் அந்த காருக்கு ஒண்ணு, ஹெரால்டுக்கு ஒண்ணு. லிங்க் கம்பிய வெட்டி வெல்டு வெக்கணும். வெல்டு வெக்கறது பெரிய வேலை இல்ல, ஆனா லிங்க்கோட கணக்கு தெரியாம வெட்டினா மோட்டார் தன் பலத்துலயே லிங்க்க மடக்கிடும். கணக்கு இப்படி தான்: மோட்டாரோட சேந்து சுத்தற கையான கிராங்க்கோட நீளத்த, வைப்பர் தண்டுல இருக்கற லீவரோட நீளத்தால வகுங்க, அது பாதி கோணத்தோட சைன். கிராங்க் 40 மிமீ, லீவர் 50 மிமீன்னா 0.8, பாதி கோணம் 53 டிகிரி, மொத்த வீச்சு சுமார் 106 டிகிரி. லீவர 45 ஆக்கினா 125 டிகிரிக்கு போயிடும். அஞ்சு மில்லிமீட்டர்ல 19 டிகிரி! கிராங்க்கும் லீவரும் ஒரே நீளத்துக்கு வந்துடுச்சுன்னா அது ஓடவே ஓடாது, ஓரத்துல போயி பூட்டிக்கும். பெருசா இருந்தா கேக்கவே வேணாம். நான் முதல்ல ஒரு பிளைவுட் பலகையில ஆணி அடிச்சு, தகட்டுல லிங்க் வெட்டி, கையால சுத்தி பாத்தேன். யாராவது லிங்க் வகை போடறதா இருந்தா இந்த பலகை வேலைய கட்டாயம் செஞ்சு பாருங்க, ரெண்டு மணி நேரம் தான் ஆகும்.

பலகையில வேலை செஞ்சது வண்டியில எடமில்லாம போச்சு. ஹெரால்டுல பேனட்டும் மக்கார்டும் ஒண்ணா சேந்து முன் பக்கமா கவிழ்ந்து தொறக்கும், ஸ்கட்டில் ரொம்ப ஒல்லி, லிங்க் ஆடறதுக்கு எடம் வேணும்னா தகட்ட வெட்டணும். நான் அத ஒத்துக்கல. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைஞ்ச பாடி அது, இங்கிலாந்துல 1959ல வந்து, 1961ல இருந்து நம்ம மெட்ராஸ்ல செஞ்சது. அந்த ஸ்கட்டில் தகட்ட திரும்ப செய்ய ஆளே இல்ல. அதோட இன்னொரு விஷயமும் இருக்கு, 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் 2021ல வந்துச்சு, அதுக்கு வண்டி அசல் உருவத்துல பெருசா மாத்தாம இருக்கணும். நான் இன்னும் விண்ணப்பிக்கல, ஆனா போல்ட்ட கழட்டினா பழையபடி திரும்பற மாதிரி மட்டும் தான் எதையும் மாத்தறதுன்னு வெச்சிருக்கேன். பாடிய வெட்டினா அந்த வழி மூடிடும். பத்மினிக்காரங்க, அம்பாசடர்காரங்க உங்க வண்டியில எடம் இருந்தா மாருதி லிங்க் தாராளமா போடுங்க, நான் போடல.

நடுவுல டிராக்டர் வைப்பர் மோட்டார் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா ஜீப்பு வெச்சிருக்கறவங்க கேப்பாங்க. மோட்டாரும் ஆட்டற கியரும் ஒரே டப்பாக்குள்ள, தண்டு நேரா கண்ணாடி ஃபிரேம துளைச்சு வெளிய வரும், ஒத்த கைக்கு ஒரு மோட்டார். மகிந்திரா எம்எம்540 ஜீப்பு மாதிரி நிமிந்த தட்டை கண்ணாடிக்கு அருமையா உக்காரும், விலையும் கம்மி. கார்ல ரெண்டு மோட்டார் போட்டா ரெண்டும் ஒரே வேகத்துல ஓடாது, கொஞ்ச நேரத்துல ஒண்ணு முந்திகிட்டு நடுவுல ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். காருக்கு வேண்டாம். பழைய வில்லிஸ் ஜீப்புல எஞ்சின் வாக்குவத்துல ஓடற வைப்பர் இருந்தா அத காட்சிக்கு மட்டும் வெச்சுக்கோங்க, மேட்டுல ஆக்ஸிலேட்டர் மிதிச்சா மேனிஃபோல்டுல வாக்குவம் எறங்கும், வைப்பரும் சேந்து நின்னுடும். சேலத்துல இருந்து தொப்பூர் ஏறி வர்றப்ப மழை புடிச்சா என்ன ஆகும்னு நெனச்சு பாருங்க.

அமெரிக்காவுல பழைய கார் கட்டறவங்களுக்குன்னு கேபிள் வகை யூனிவர்சல் கிட்டு விக்கறாங்க, அதையும் விசாரிச்சேன். பொருள் நல்லா தான் தெரியுது, ஆனா கப்பல் செலவு, கஸ்டம்ஸ் எல்லாம் சேத்தா எனக்கு கட்டுப்படியாகல, அதோட பாதி கிட்டு இடது பக்க ஸ்டியரிங்க மனசுல வெச்சு செஞ்சது. நம்ம ஹெரால்டு இங்கிலீஷ் வண்டி, வலது பக்க ஸ்டியரிங், அதுக்கு சொந்தமான மருந்து இங்கிலாந்துலயே இருக்கு.

அது தான் நான் கடைசியா போட்ட லூகாஸ் 14டபிள்யூ மோட்டார். மினி, எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர்னு அந்த காலத்து இங்கிலீஷ் வண்டி பலதுல வந்தது, அதனால அங்க புதுசும் கெடைக்குது, ரிப்பேர் பண்ணின பழசும் கெடைக்குது. நான் லண்டன்ல இருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர் மூலமா சரி பண்ணின மோட்டார் ஒண்ணு, புது கேபிள், வீல்பாக்ஸ் ரெண்டு வரவழைச்சேன். எல்லாம் சேத்து 16,000 பக்கம் ஆச்சு. சின்ன தொகை இல்ல. ஆனா ஒரு அலாய் வீலோட விலை தானே அது.

இதுல என்ன விசேஷம்னா அதே ராக் கேபிள் தத்துவம், ஆனா மோட்டார்ல நிரந்தர காந்தம், மூணு பிரஷ். மூணாவது பிரஷ்ல கரன்ட் குடுத்தா வேகம் கூடும். நான் ஈர கண்ணாடியில எண்ணி பாத்தேன், மெதுவுல 48, வேகத்துல 66. ஆஃப் பண்ணினா எங்க இருந்தாலும் கீழ வந்து கரெக்டா படுக்கும், பல்சக்கரத்துல இருக்கற மேடு ஒரு சுவிட்ச்ச அமுக்கி கரன்ட்ட நிறுத்தி மோட்டாரோட ரெண்டு முனையையும் ஒண்ணா சேத்துடுது, அதுலயே பிரேக் மாதிரி புடிச்சு டக்குனு நிக்கும். பழைய டிஆர்3ஏல இந்த பார்க் எடத்த கியர் டப்பா மேல இருக்கற மூடிய திருப்பி தான் சரி பண்ணணும், அது நாளாக நாளாக நகர்ந்துக்கும்.

வாங்கறப்ப ஒண்ணு பாருங்க, இதுல பல்சக்கரம் பல அளவுல வருது, சக்கரத்து மேலயே டிகிரி அடிச்சிருக்கும். எனக்கு முதல்ல வந்தது 130. மாட்டி போட்டதும் பிளேடு ஓரத்துல போயி கண்ணாடி ரப்பர்ல டொக்கு டொக்குனு இடிக்குது. 110 சக்கரம் தனியா வரவழைச்சு மாத்தற வரைக்கும் ரெண்டு மாசம் வண்டிய மழையில எடுக்கல. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கண்ணாடியில மார்க்கர்ல கோடு போட்டு, பழைய வைப்பர் எங்க இருந்து எங்க வரைக்கும் போகுதுன்னு பொண்ணோட ஸ்கூல் புரோட்ராக்டர வெச்சு அளந்திருந்தாலே போதும்.

டிஆர்3ஏ இருந்த பிராக்கெட்ல இது உக்காராது, இது பட்டை போட்டு இறுக்கற மாதிரி. ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன லேத்து பட்டறை, ஃபேக்டரிக்கு ஜாப் பண்றவங்க, அந்த அண்ணா நான் அட்டையில வெட்டிகிட்டு போன அளவ பாத்துட்டு 3 மிமீ தகட்டுல பிராக்கெட், அதுக்கு அடியில ரப்பர் பேடு, எல்லாம் ஒரே மதியத்துல செஞ்சு குடுத்தாரு. 700 ரூபாய் தான் வாங்கினாரு. பழைய பிராக்கெட் இருந்த அதே ரெண்டு ஓட்டையில போல்ட் விழுற மாதிரி செஞ்சாரு, நான் கேக்காமலே. வேலைய மதிச்சு செய்யற ஆளு, அவருக்கு அஞ்சுக்கு அஞ்சு.

வயரிங்ல லூகாஸ் கலர் தெரிஞ்சுக்கோங்க: பச்சை சப்ளை, சிவப்பு வெளிர்பச்சை மெது ஸ்பீடு, நீலம் வெளிர்பச்சை வேக ஸ்பீடு, பழுப்பு வெளிர்பச்சை பார்க், கருப்பு எர்த்து. கருப்ப பாடியோட விட்டுடாம சேஸிஸ்க்கு தனி ஒயரா இழுங்க, மேல சொன்ன என் கதை உங்களுக்கு வேண்டாம். உங்க வண்டி இன்னும் பழைய பாசிட்டிவ் எர்த்துல (பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியில) இருந்தா அத முதல்ல மாத்திடுங்க, காந்த மோட்டார் துருவம் மாறினா எதிர்பக்கம் சுத்தும். பழைய டிஆர்3ஏல காந்தத்துக்கு பதிலா காயில் இருக்கறதால அதுக்கு இந்த தொல்லை கிடையாது.

டைனமோ இன்னும் வெச்சிருக்கறவங்க ஒரு கணக்கு போடுங்க. லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்துலயே 22 ஆம்பியர் தான் தரும். ராத்திரி மழையில ஹெட்லைட்டு 10, வைப்பர் 4, இக்னிஷன் 3, பின் லைட்டு மீட்டர் லைட்டெல்லாம் ஒரு 2. அதுலயே 19 ஆச்சு, சிக்னல்ல ஐட்லிங்ல நின்னா டைனமோ தர்றது ஒண்ணும் இல்ல, எல்லாம் பேட்டரில இருந்து தான் போகும், வைப்பர் வேகம் எறங்கறது கண்ணுக்கே தெரியும். நான் ஆல்டர்னேட்டர் போட்டதுக்கு ஏசியோ ஆடியோவோ காரணம் இல்ல, இது தான் காரணம்.

மோட்டார் எவ்வளவு நல்லதா இருந்தாலும் கண்ணாடிய தொடறது ரப்பர் தான். நம்ம பக்கம் கிரானைட் லாரி போற ரோட்டுல அந்த வெள்ள பொடி கண்ணாடி மேல மெலிசா படிஞ்சிருக்கும், வெறும் கண்ணாடியில வைப்பர் போட்டா உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி அரை வட்டமா கீறல் விழும், எதிர்ல லைட்டு அடிக்கறப்ப தான் அது தெரியும். அதனால வாஷர் கட்டாயம் வேணும். ஹெரால்டுல கையால அமுக்கற பம்ப் இருந்துச்சு, அதோட பட்டன அப்படியே வெச்சுகிட்டு உள்ள 12 வோல்ட் பம்ப்புக்கு சுவிட்ச்சா மாத்திட்டேன், பாட்டில் பேனட்டுக்குள்ள. கேஆர்பி டேம் ரோட்டுல சாயங்காலம் பூச்சி அப்பினாலும் இப்ப கவலை இல்ல.

பிளேடு என் கண்ணாடிக்கு 12 இஞ்சு. இந்த காலத்து ஃபிளாட் பிளேடு போட்டு பாத்தேன், அழகா இருக்கு, ஆனா அது வளைஞ்ச கண்ணாடிக்குன்னு வில்லு மாதிரி வளைச்சு செஞ்சது, நம்ம கண்ணாடிக்கு அந்த வளைவு பொருந்தல, கையோட ஸ்பிரிங்கும் பழசு, ரெண்டு முனையும் தொடுது, நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு தண்ணி அப்படியே நிக்குது. அதுவும் சரியா ஓட்டுற ஆள் கண்ணுக்கு நேரா. கழட்டி பழைய மாடல் பாலம் வெச்ச பிளேடு போட்டதும் சரியாச்சு. கையோட முனை கொக்கியா, சொருகறதா, சொருகறதுன்னா 5.2 மிமீயா 7.2 மிமீயான்னு வெர்னியர்ல அளந்துட்டு கடைக்கு போங்க. இல்லன்னா ஸ்பேர் கடைங்க இருக்கற பெங்களூர் ஜேசி ரோட்டுக்கு ரெண்டு தடவ போகணும், நான் போனேன்.

ஸ்பிரிங் அழுத்தத்துக்கு, பிளேடோட ஒவ்வொரு இஞ்சுக்கும் 28 கிராம் மாதிரி வரணும்னு சொல்றது வழக்கம். 12 இஞ்சுக்கு 340 கிராம் பக்கம். அதே ஸ்பிரிங் தராசு, கை முனையில மாட்டி கண்ணாடில இருந்து லேசா தூக்கறப்ப எவ்வளவுன்னு பாருங்க. எனக்கு ஒரு பக்கம் 350, இன்னொரு பக்கம் 190 இருந்துச்சு, பாசஞ்சர் பக்கம் ஏன் எப்பவும் கோடு விடுதுன்னு அப்ப தான் தெரிஞ்சுது, ஸ்பிரிங் மாத்தினேன். அப்புறம் அந்த டகடகடகன்னு துள்ற சத்தம், அதுக்கு பிளேடு மேல பழி போட்டு மூணு பிளேடு மாத்தினேன், கடைசியில கை முறுக்கி இருந்துச்சு. வைப்பர் பாதி வழியில இருக்கறப்ப ரப்பர் கண்ணாடிக்கு நட்டுக்குத்தலா நிக்கணும், சாஞ்சிருந்தா ஒரு பக்கம் போறப்ப வழுக்கும், திரும்பறப்ப துள்ளும். ரெண்டு பிளையர்ல துணி சுத்தி புடிச்சு ஒரு நூல் அளவு முறுக்கி விட்டேன், சத்தம் நின்னுடுச்சு.

இப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. ரெண்டு ஐப்பசி பாத்தாச்சு. போன கோடையில பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் எறங்கறப்ப ஆலங்கட்டியோட மழை புடிச்சுது, வேக ஸ்பீடுல இருபது நிமிஷம் விடாம ஓடுச்சு, அப்புறம் மோட்டார தொட்டு பாத்தேன், கை வெக்கற சூடு தான். கொற இல்லாம இல்ல. லிங்க் வகைய விட கேபிள் சத்தம் ஜாஸ்தி, டேஷ்போர்டுக்கு அடியில ஒரு ரீங்காரம் கேட்டுகிட்டே இருக்கும். இன்டர்மிட்டன்ட் கிடையாது, தனி ரிலே போடணும், இன்னும் போடல. மோட்டார் போனா உள்ளூர்ல கெடைக்காது, அதனால பழைய டிஆர்3ஏவ சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டு அதோட பிராக்கெட்டும் கேபிளும் சேத்து டிக்கியில துணியில சுத்தி வெச்சிருக்கேன், வழியில நின்னா அரை மணி நேரத்துல மாத்திடலாம்.

மார்க் போடணும்னா, எர்த்து கிரீஸ் வேலை மட்டும் செஞ்ச பழைய டிஆர்3ஏ அஞ்சுக்கு மூணு, ஊருக்குள்ள ஓட்டறவங்களுக்கு அதுவே போதும். பத்மினி, அம்பாசடர்ல எடம் பாத்து போட்ட மாருதி லிங்க் நாலு. ஹெரால்டுக்கு 14டபிள்யூ நாலரை, அந்த அரை மார்க் ஸ்பேர் கெடைக்காததுக்கு கொறச்சது.

போன வாரம் அதே தொப்பூர், அதே நேரம், மழை. பொண்ணு இப்ப முன் சீட்டுல உக்கார்ற வயசு, "ப்பா வேகமா போடுங்க" ன்னு அவளே சுவிட்ச்ச தள்ளிட்டு, லாரி நம்பர படிச்சிகிட்டே வந்தா. பிராக்கெட்டுக்கு வெட்டின அட்டை இன்னும் என்கிட்ட இருக்கு, ஹெரால்டு வெச்சிருக்கறவங்க கேட்டா படம் எடுத்து அளவோட அனுப்பறேன்.